காலியாக ஒரு பெர்த் உண்டா? கம்ப்யூட்டர் தேடும் வழிகள்

பொங்கலுக்கு ஊருக்குப் போக நினைக்கும் மும்பைத் தமிழர்களுக்கு நவம்பர் மாதமே பரபரப்பான மாதம். முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டு விட்டது. ஆகவே பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னதாக, காலை 8 மணி அடிப்பதற்கு வெகு நேரம் முன்பே ரிசர்வேஷன் கவுண்டர்களில் வரிசை நிற்கத் தொடங்கி விடுகிறது. தாராவி, மாட்டுங்கா, சயான் கோலிவாடா, செம்பூர் என்று பல திக்கிலிருந்தும் வந்த நம்மவர்களை அந்த வரிசையில் காணலாம்.

"சார், நாகர்கோவில் வண்டியில் 12-ம் தேதிக்குத் திருநெல்வேலிக்கு நாலு பெர்த் கிடைக்குமா?"

கேள்வி தமிழில் கேட்கப்பட்டாலும் இந்தியில் கேட்கப்பட்டாலும் கவுண்டரில் இருப்பவர் செய்வது ஒன்றுதான். நாலைந்து தட்டு தட்டுகிறார். திரையில் பதில் வருகிறது. சில நாட்களில் கண்ணிமைக்கும் நேரத்தில் வருகிறது. சில நாட்களில் வருவேனா என்கிறது. "கம்ப்யூட்டர் ஸ்லோ" என்று ஒரு வார்த்தையில் இதைச் சொல்லி முடித்து விடுகிறோம். ஆனால் யந்திரம் அதே யந்திரம், கேள்வியும் அதே கேள்விதான். தேடும் வழி மாறினால் ஒரே கேள்விக்கு விடை கிடைக்கும் நேரம் ஒரு விநாடிக்கும் குறைவிலிருந்து மூன்று மணி நேரம் வரை மாறக்கூடும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். எந்த வழி எப்போது சிக்கனம் என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது கம்ப்யூட்டர் உலகில் ஐம்பது ஆண்டுகளாக நடந்து வரும் ஆராய்ச்சி.

லெட்ஜர் காலம்

முதலில் பழைய கதை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன், ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு தேதிக்கும் பெரிய லெட்ஜர் உண்டு. பெட்டி வாரியாக, பெர்த் வாரியாகக் கட்டம் போட்டிருக்கும். கிளார்க் பேனாவால் பெயர் எழுதுவார். ரத்தானால் அடித்து விட்டு மேலே வேறு பெயர் எழுதுவார்.

இந்த முறையில் தேடுவது ஒரு விதத்தில் மிக வேகம். வண்டியும் தேதியும் தெரிந்தால் நேரே அந்தப் பக்கத்தைப் புரட்டி விடலாம். ஆனால் லெட்ஜர் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு கிளார்க்கின் மேஜையில்தான் இருக்க முடியும். அதனால் இன்ன வண்டிக்கு இன்ன கவுண்டர் என்று பிரித்திருந்தார்கள். மதறாஸ் வண்டி கவுண்டரில் வரிசை கட்டடத்துக்கு வெளியே நீண்டிருக்க, பக்கத்துக் கவுண்டரில் கிளார்க் டீ குடித்துக் கொண்டிருப்பார். அவர் உதவி செய்ய நினைத்தாலும் முடியாது. லெட்ஜர் அவரிடம் இல்லை. திரும்பி வரும் பயணத்துக்கு இடம் வேண்டுமானால் அந்த ஊருக்குத் தந்தி அடித்து விட்டுக் காத்திருக்க வேண்டும்.

1985-ல் புது டில்லியில் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் தொடங்கியது. அப்போது அரசு நிறுவனமாக இருந்த சி.எம்.சி. அதற்கான 'இம்ப்ரெஸ்' என்ற புரோகிராமைத் தயாரித்தது. அடுத்த சில ஆண்டுகளில் பம்பாய், கல்கத்தா, மதறாஸ், செகந்திராபாத் ஆகிய இடங்களுக்கும் இது வந்தது. எந்தக் கவுண்டரிலும் எந்த வண்டிக்கும் டிக்கெட் என்ற வசதி அப்போதுதான் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு மையமும் தனித்தனித் தீவாகவே இருந்தது. ரயில்வேக்கென 1986-ல் அமைக்கப்பட்ட 'கிரிஸ்' என்ற நிறுவனம் தயாரித்த 'கான்செர்ட்' புரோகிராம் 1994-ல் செகந்திராபாத்தில் தொடங்கி, 1999-ல் ஐந்து மையங்களையும் ஒன்றாக இணைத்தது. 2002 ஆகஸ்டில் இன்டர்நெட் மூலம் டிக்கெட் வாங்கும் வழி பிறந்தது.

கிளார்க்கின் மேஜையிலிருந்த லெட்ஜர் டிஸ்க்குக்குப் போயிற்று. ஆனால் அங்கேயும் அது பக்கம் பக்கமாகத்தான் இருக்கிறது. பக்கத்தைப் புரட்டும் வேலையும் இருக்கிறது.

ஒரு கோடியில் ஒன்று

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இவை ரயில்வேயின் சொந்தப் புள்ளிவிவரங்கள் அல்ல. விளக்கத்துக்காக எடுத்துக் கொண்ட எண்கள்.

டேட்டாபேஸ் எனப்படும் தகவல் தொகுப்பில் 1 கோடி டிக்கெட் பதிவுகள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஒவ்வொரு பதிவும் 200 எழுத்து. டிஸ்க்கின் ஒரு பக்கம் 8 கிலோபைட் என்றால் பக்கத்துக்கு 40 பதிவு பிடிக்கும். ஆக மொத்தம் 2,50,000 பக்கங்கள், சுமார் 2 ஜிகாபைட்.

இதில் ஒரு பி.என்.ஆர். எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வழி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிப்பது. சாதாரண டிஸ்க் தொடர்ச்சியாகப் படித்தால் விநாடிக்கு 100 மெகாபைட் படிக்கும். அப்படியானால் 20 விநாடி. ஒருவர் கேட்டால் பரவாயில்லை. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் கவுண்டரை மூடி விட்டுப் போக வேண்டியதுதான்.

இரண்டாவது வழி இன்டெக்ஸ். புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று போட்டிருக்குமே, அது போல. ஆனால் இது படிக்கட்டு முறையில் அமைந்தது. முதல் படியில் 'இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை இங்கே போ' என்று ஓர் அட்டவணை. அது காட்டும் இடத்தில் இன்னும் நுணுக்கமான அட்டவணை. அதற்கும் கீழே மற்றொன்று. போயிங் விமானக் கம்பெனியில் பணியாற்றிய பேயர், மெக்கிரைட் என்ற இருவர் 1972-ல் வெளியிட்ட கட்டுரையில் விவரித்த இந்த அமைப்புக்கு 'பி-ட்ரீ' என்று பெயர். இன்றைக்கும் உலகின் பெரும்பாலான டேட்டாபேஸ்கள் இதைத்தான் நம்பியிருக்கின்றன. ஓர் அட்டவணைப் பக்கத்தில் 400 வழிகாட்டிகள் இருந்தால், மூன்று படியில் 400 x 400 x 400, அதாவது 6 கோடியே 40 லட்சம் பதிவுகளை எட்டி விடலாம். நம் 1 கோடிக்கு மூன்று படி தாராளம். மூன்று அட்டவணைப் பக்கம், ஒரு பதிவுப் பக்கம், ஆக நான்கு பக்கம். டிஸ்க்கில் ஒரு பக்கத்தைத் தேடிப் பிடிக்க விநாடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். நான்குக்கு நூறில் நான்கு பங்கு.

20 விநாடி எங்கே, விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு எங்கே! 500 மடங்கு வித்தியாசம். பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து நிலவரம் கேட்டால் உடனே பதில் வருவதற்கு இதுவே காரணம். அந்தப் பத்து இலக்க எண்ணின் தொடக்க இலக்கங்களே அது எந்த ரிசர்வேஷன் மையத்தைச் சேர்ந்தது என்பதையும் காட்டி விடுவதால், ஐந்து மையங்களிலும் அலைய வேண்டிய அவசியமும் இல்லை.

இன்டெக்ஸே எமனாகும் இடம்

அப்படியானால் எல்லாவற்றுக்கும் இன்டெக்ஸ் போட்டு விட்டால் போயிற்று என்று தோன்றும். அனுபவமில்லாத புரோகிராமர்கள் பலர் செய்வதும் இதுவே. இங்கேதான் விஷயம் தலைகீழாகிறது.

அதே 1 கோடிப் பதிவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 லட்சம் பதிவுகள் ஒரு ரிப்போர்ட்டுக்குத் தேவை என்று வைத்துக் கொள்வோம். 'சென்ற ஆண்டு மூத்த குடிமக்கள் எத்தனை பேர், எங்கெங்கே போனார்கள்' என்பது போன்ற கேள்வி. அந்த 10 லட்சமும் லெட்ஜர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. இன்டெக்ஸைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்தால், ஒன்றுக்கு விநாடியில் நூறில் ஒரு பங்கு வீதம் 10,000 விநாடி ஆகும். இரண்டே முக்கால் மணி நேரம்! இன்டெக்ஸை மூடி வைத்து விட்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை மூச்சு விடாமல் படித்தால் அதே 20 விநாடி.

நூல்நிலையத்தில் ஒரே ஒரு புத்தகம் வேண்டுமானால் கேட்லாக் பார்ப்பது புத்திசாலித்தனம். நீல அட்டை போட்ட புத்தகம் எல்லாம் வேண்டுமானால் கேட்லாக்கில் ஒன்று பார்ப்பது, ஓடிப் போய் எடுப்பது, திரும்பி வந்து அடுத்ததைப் பார்ப்பது என்று செய்பவரைப் பார்த்துச் சிரிக்கத்தான் தோன்றும். அலமாரி அலமாரியாக நடந்து போனால் போதுமே.

எல்லைக்கோடு எங்கே? 20 விநாடியில் 2,000 பக்கம்தான் தேடிப் பிடிக்க முடியும். ஆகவே 2,000 பதிவு வரை இன்டெக்ஸ் லாபம். அதற்கு மேல் நஷ்டம். 1 கோடியில் 2,000 என்பது 10,000-க்கு 2 மட்டுமே. இவ்வளவு சிறிய எல்லை என்று பலர் நினைப்பதில்லை. இப்போதைய எஸ்.எஸ்.டி. டிஸ்க்கில் சுழலும் தட்டு இல்லை. ஒரு பக்கத்தை விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கில் எடுக்கலாம், தொடர்ந்து படித்தால் விநாடிக்கு 500 மெகாபைட் என்று கணக்கு வைத்தால் எல்லைக்கோடு 40,000 பதிவுக்கு நகர்கிறது. நகர்கிறதே தவிர, மறையவில்லை.

இன்னொரு வழியும் உண்டு. தேவைப்படும் பதிவுகள் சிதறாமல் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருக்கும்படி லெட்ஜரையே அந்த வரிசையில் எழுதி வைத்தால், 10 லட்சம் பதிவுகள் 25,000 பக்கத்தில் அடங்கி விடும். 2 விநாடி வேலை. ஆனால் ஒரு லெட்ஜரை ஒரே ஒரு வரிசையில்தான் எழுத முடியும். தேதி வரிசையில் எழுதினால் ஊர் வரிசை கெடும். ஊர் வரிசையில் எழுதினால் தேதி வரிசை கெடும். இந்த வரம் ஒரு கேள்விக்குத்தான்.

எண்ணாமல் எண்ணுவது

கம்ப்யூட்டருக்கு முன்பே ரயில்வேயில் இத்தகைய சாமர்த்தியம் இருந்தது. கெட்டி அட்டையில் அச்சடித்த எட்மண்ட்சன் டிக்கெட்டுகளை ஐம்பது வயதைத் தாண்டிய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேதி அடிக்கும் யந்திரத்தின் 'டக்' சத்தமும் காதில் இருக்கும். அந்த டிக்கெட்டுகள் வரிசை எண்ணுடன் குழல்களில் அடுக்கப்பட்டிருக்கும். அன்று திருநெல்வேலிக்கு எத்தனை டிக்கெட் விற்றது என்று ஷிப்ட் முடிவில் யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. காலையில் குழலில் இருந்த முதல் எண்ணையும் இப்போது இருக்கும் எண்ணையும் கழித்தால் ஆயிற்று. ஆயிரம் டிக்கெட்டாக இருந்தாலும் இரண்டு எண்கள்தான் பார்க்க வேண்டும்.

டேட்டாபேஸும் மிகப் பெரிய எண், மிகச் சிறிய எண் ஆகியவற்றைக் கேட்டால் இன்டெக்ஸின் இரு ஓரங்களை மட்டும் தொட்டுப் பதில் சொல்லி விடும். ஆனால் கழித்து எண்ணிக்கை சொல்ல வேண்டுமானால் இடையில் ஒரு எண் கூடத் தவறியிருக்கக் கூடாது. இடையில் ஓர் அட்டை பழுதானால் கிளார்க் அதைத் தனியாகக் குறித்து வைக்க வேண்டியிருந்தது. அது விட்டுப் போனால் கணக்கு இடிக்கும். கையிலிருந்து பணம் கட்ட வேண்டியதுதான்.

இரண்டு பட்டியலைச் சேர்ப்பது

ஒரே லெட்ஜரில் தேடுவதைவிடச் சிக்கலானது இரண்டு லெட்ஜர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது. மும்பை மழைக்கு ஒரு வண்டி ரத்தாகிறது. அதில் 1,000 டிக்கெட்டுகள். ஏற்கெனவே பணம் திரும்பப் பெற்றவர்களின் பட்டியலில் 1 லட்சம் டிக்கெட்டுகள். இரண்டிலும் உள்ளவை எவை என்று பார்த்தால்தான் ஒருவருக்கே இரண்டு முறை பணம் போகாது. வர வேண்டியவருக்கு வராமலும் போகாது.

முரட்டு வழி, ஒரு டிக்கெட்டை எடுத்துக் கொண்டு 1 லட்சத்தையும் பார்ப்பது, பிறகு அடுத்த டிக்கெட். 10 கோடி ஒப்பீடுகள். ஒருவர் விநாடிக்கு ஒன்று வீதம் இரவு பகலாகப் பார்த்தாலும் மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும்.

இரு பட்டியல்களும் எண் வரிசையில் இருந்தால் கணக்கு அலுவலகங்களில் செய்வது போல இரண்டு விரல்களை இரண்டு பட்டியலிலும் வைத்துக் கீழே இறங்கலாம். சிறிய எண்ணில் இருக்கும் விரலை மட்டும் நகர்த்த வேண்டும். 1,01,000 அசைவுக்குள் முடிந்து விடும். அதே விநாடிக் கணக்கில் 28 மணி நேரம். மூன்று ஆண்டு எங்கே, ஒரு நாள் சொச்சம் எங்கே! வரிசையில் இல்லாவிட்டால் முதலில் வரிசைப்படுத்தும் செலவு இருக்கிறது.

மூன்றாவது வழி ஆர்.எம்.எஸ். வழி. ரயிலில் தபால் பிரிக்கும் பெட்டிகளில் புறாக்கூடு போன்ற அறைகள் கொண்ட சட்டத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். அது போல 1,000 டிக்கெட்டுகளையும் கடைசி இரண்டு இலக்கப்படி 100 அறைகளில் போட்டு விடுவது. அறைக்குச் சுமார் 10 விழும். பிறகு பெரிய பட்டியலை ஒரே ஒரு முறை படிக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே அறையை எட்டிப் பார்த்தால் போதும். கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான அறைகளை நொடியில் அமைக்கலாம் என்பதால் இது பெரிய பட்டியல்களுக்கு மிகவும் உகந்தது. 'ஹாஷ்' முறை என்பார்கள்.

முதலில் சொன்ன முரட்டு வழி முட்டாள் வழி என்று ஒதுக்கி விட முடியாது. 1,000-க்குப் பதில் 5 டிக்கெட்டுகள்தான், எதிரே இருப்பது 1 கோடிப் பட்டியல், அதற்கு இன்டெக்ஸும் இருக்கிறது என்றால், ஒவ்வொன்றாகப் பார்ப்பதே சிறந்தது. டிக்கெட்டுக்கு 4 பக்கம் வீதம் 20 பக்கம், விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. புறாக்கூடு கட்டுபவர் 20 விநாடி முழுப் பட்டியலையும் படித்துக் கொண்டிருப்பார்.

வழியைத் தேர்ந்தெடுப்பது யார்?

ஆரம்ப காலத்தில் எந்த வழியில் தேட வேண்டும் என்பதைப் புரோகிராமரே எழுதிக் கொடுத்தார். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த காட் என்ற கணித அறிஞர் 1970-ல், என்ன வேண்டும் என்பதை மட்டும் மனிதன் சொன்னால் போதும், எப்படி எடுப்பது என்பதை யந்திரமே பார்த்துக் கொள்ளட்டும் என்ற வழியைத் திறந்து வைத்தார். யந்திரம் எப்படிப் பார்த்துக் கொள்ளும்? அதே நிறுவனத்தின் சான் ஓசே ஆராய்ச்சிக் கூடத்தில் 'சிஸ்டம் ஆர்' என்ற திட்டத்தில் பணியாற்றிய பட்ரீஷியா செலிங்கர் அம்மையாரும் சகாக்களும் 1979-ல் அதற்கு விடை வெளியிட்டார்கள். சாத்தியமான வழிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை பக்கம் புரட்ட வேண்டும், எத்தனை பதிவைக் கையாள வேண்டும் என்று செலவுக் கணக்குப் போட்டு, மலிவானதைத் தேர்ந்தெடுப்பது. கல்யாணச் சமையல்காரர் எத்தனை இலை என்று கேட்டு விட்டுத்தான் எந்த அண்டா என்று முடிவு செய்வார். இதுவும் அதே யுக்திதான். இன்றைய டேட்டாபேஸ்கள் பெரும்பாலும் அந்தப் பாதையில்தான் செல்கின்றன.

'எத்தனை இலை' என்பது தவறாகப் போனால்? அங்கேதான் தகராறு. யந்திரம் கேள்வியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே மதிப்பீடு செய்கிறது. அதற்காகச் சில புள்ளிவிவரங்களைக் குறித்து வைத்திருக்கிறது. நம் 1 கோடிப் பதிவில் திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் 500-ல் ஒரு பங்கு என்றும், மும்பை நாகர்கோவில் வண்டியில் போகிறவர்கள் 1,000-ல் ஒரு பங்கு என்றும் அதனிடம் குறிப்பு இருப்பதாக வைத்துக் கொள்வோம். 'நாகர்கோவில் வண்டியில் திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் யார்?' என்று கேட்டால், இரண்டையும் பெருக்கி, 5 லட்சத்தில் ஒரு பங்கு, ஆக 20 பேர் என்று முடிவு கட்டும். 20 பேருக்கு இன்டெக்ஸ்தான் சிறந்தது என்று அதன் வழியே கிளம்பி விடும்.

நம்மவர்களுக்குத் தெரியும், அந்த வண்டியில் ஏறுகிறவர்களில் திருநெல்வேலிக்காரர்கள் எத்தனை பேர் என்று! அந்த வண்டியின் 10,000 பதிவில் மூன்றில் ஒரு பங்கு திருநெல்வேலி என்றால் 3,300-க்கு மேல். நம் எல்லைக்கோடு 2,000. வழி தப்பி விட்டது. ஊரும் வண்டியும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்பது யந்திரத்துக்குத் தெரியாது; இரண்டும் வெவ்வேறு என்று நினைத்துப் பெருக்குகிறது. கம்ப்யூட்டர் தப்பு செய்யாது என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விடை சரியாகத்தான் வரும். வரும் வழிதான் சுற்று வழி.

இதற்குப் பரிகாரம் உண்டு. தொடர்புள்ள இரண்டு விவரங்களுக்கும் சேர்த்தே புள்ளிவிவரம் வைக்கும்படி இப்போதைய டேட்டாபேஸ்களிடம் சொல்ல முடியும். பழைய புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கவும் வேண்டும். பண்டிகைக்காக நேற்று அறிவித்த ஸ்பெஷல் வண்டி பற்றி யந்திரத்தின் குறிப்பில் ஒன்றுமே இருக்காது. யாருமே போகாத வண்டி என்று நினைத்துக் கொண்டு அது வழி வகுக்கும். எந்த வழியில் போகப் போகிறாய் என்று முன்கூட்டியே கேட்டால் சொல்லும் 'எக்ஸ்பிளெயின்' என்ற கட்டளையும் உண்டு. வேகம் குறைந்ததும் புதிய யந்திரம் வாங்க டெண்டர் விடுகிறவர்கள் முதலில் இந்தக் கட்டளையைத் தட்டிப் பார்த்தால் செலவு மிச்சமாகும்.

அளப்பதிலும் ஏமாற்று உண்டு

இரண்டு வழிகளில் எது வேகம் என்று கடிகாரம் வைத்துப் பார்த்தால் தெரிந்து விடாதா? தெரியும், ஜாக்கிரதையாகப் பார்த்தால். முதல் முறை தேடும்போது டிஸ்க்கிலிருந்து எடுத்த பக்கங்கள் மெமரியில் தங்கி விடும். இரண்டாவது முறை டிஸ்க்குக்குப் போகாமலே விடை வரும். லெட்ஜரைத் திறந்து வைத்திருக்கும் கிளார்க்கிடம் அதே பக்கத்தைக் கேட்பது போல. ஆகவே முதலில் பழைய வழியையும் அடுத்துப் புதிய வழியையும் ஓட்டி, 'பார்த்தீர்களா, பத்து மடங்கு வேகம்' என்றால் நம்பக்கூடாது.

1983-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டெவிட் என்ற பேராசிரியரும் சகாக்களும் பல டேட்டாபேஸ்களுக்கு ஒரே பரீட்சை வைத்து, மார்க்குகளைப் பெயருடன் வெளியிட்டார்கள். விற்பனையாளர்களுக்கு இது கசந்தது. அனுமதியின்றிப் பரீட்சை முடிவுகளை வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஷரத்து சேர்த்தார்கள். அந்த ஷரத்துக்கு அந்தப் பேராசிரியரின் பெயரே நிலைத்து விட்டது. பிறகு 1988-ல் கம்பெனிகளே கூடி, பொதுவான பரீட்சை விதிகளை வகுக்க ஒரு கவுன்சில் அமைத்தன.

காலி நேரத்தில் அளப்பதும் வீண். டென்மார்க்கின் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியைச் சேர்ந்த எர்லாங் என்ற கணித நிபுணர் 1909-ல் தொடங்கி வைத்த வரிசைக் கணக்கு இதை நன்றாகக் காட்டும். ஒரு கவுண்டர், டிக்கெட்டுக்குச் சராசரி 2 நிமிடம், மணிக்கு 30 பேரைக் கவனிக்கலாம். 28 பேர் வருகிறார்கள். சமாளித்து விடலாம் என்று தோன்றும். ஆனால் ஆட்கள் சீராக வருவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரே நேரம் ஆவதும் இல்லை. எளிய சூத்திரப்படி வரிசையில் சராசரிக் காத்திருப்பு 28 நிமிடம். டிக்கெட்டுக்கு அரை நிமிடம் மட்டும் குறைத்து ஒன்றரை நிமிடமாக்கினால் காத்திருப்பு மூன்றரை நிமிடமாகி விடுகிறது! டிக்கெட் நேரத்தில் கால் பங்கு குறைத்ததில் காத்திருப்பில் எட்டில் ஏழு பங்கு மிச்சம். நெரிசலின்போது ஒவ்வொரு கேள்வியிலும் விநாடியில் ஒரு பங்கைக் குறைக்க ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

திரையில் நாலு, கையில் வெயிட்டிங் லிஸ்ட்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். 12-ம் தேதி நாலு பெர்த்.

பத்து ஸ்லீப்பர் பெட்டி, பெட்டிக்கு 80 பெர்த் என்றால் 800 பெர்த். வண்டி 40 நிலையங்களில் நிற்பதாக வைத்துக் கொண்டால் ஒவ்வொரு பெர்த்துக்கும் 39 துண்டுகள். மும்பையிலிருந்து சோலாப்பூர் வரை ஒருவர், அங்கிருந்து வேறொருவர் என்று ஒரே பெர்த்தில் பலர் போகலாம். திருநெல்வேலி வரை காலியா என்று தெரிய, அதுவரை உள்ள துண்டு அத்தனையும் காலியாக இருக்க வேண்டும். கட்டம் கட்டமாகப் பார்த்தால் 31,000-க்கு மேல் கட்டங்கள். 39 துண்டுகளையும் 39 சிறு விளக்குகளாகப் பாவித்து ஒரே எண்ணாக எழுதி வைத்தால் பெர்த்துக்கு ஒரே ஒப்பீடு. 800 ஒப்பீட்டில் முடியும். இதை விடவும் சுருக்கமான வழி, 'இத்தனை காலி' என்று ஓட்டல் வாசலில் பலகை மாட்டுவது போல எண்ணிக்கையை எழுதியே வைத்து விடுவது. கேட்பவருக்குப் பலகையைப் பார்த்துச் சொன்னால் போதும்.

கேட்கிறவர்கள் எண்ணிக்கை அப்படி. ரயில்வே அமைச்சகம் 2025-ன் நடுவில் வெளியிட்ட விவரப்படி, அப்போதைய அமைப்பு நிமிடத்துக்கு 32,000 டிக்கெட் பதிவு செய்ய வல்லது. விசாரணைகளோ நிமிடத்துக்கு 4 லட்சம். வாங்குகிற ஒருவருக்குப் பன்னிரண்டு முறை விசாரணை என்ற விகிதம். 2014-ல் புதிய இன்டர்நெட் டிக்கெட் அமைப்பு வந்தபோது நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்பது 7,200 ஆக உயர்ந்தது. அப்போதே விவரங்களை டிஸ்க்கில் தேடாமல் மெமரியில் வைத்துப் பதில் தரும் முறை கையாளப்பட்டது.

பலகைக்கு ஒரு குறை உண்டு. உள்ளே ஓர் அறை போனதும் வாசலுக்கு ஓடி வந்து பலகையை மாற்ற வேண்டும். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் உடனுக்குடன் மாற்றினால் விற்பனை தாமதமாகும். கொஞ்சம் பொறுத்து மாற்றினால் பலகை பழையதாகி விடும். இத்தகைய அமைப்புகளில் விசாரணைக்கு ஒரு நகலும் பதிவுக்கு மூல லெட்ஜரும் என்று பிரித்து வைப்பது வழக்கம். திரையில் 'நாலு காலி' என்று பார்த்து, பெயர், வயது எல்லாம் தட்டி, பணமும் கட்டிய பிறகு 'வெயிட்டிங் லிஸ்ட் 11' என்று வருகிறதே, அதில் சூது இருக்கத்தான் வேண்டும் என்பதில்லை. பார்த்தது பலகை, பணம் போனது மூல லெட்ஜருக்கு. இடைப்பட்ட நேரத்தில் அந்த நாலும் போயிருக்கும்.

மூல லெட்ஜரில் ஒரு பெர்த்தை ஒருவருக்கு எழுதும்போது மற்றவர்களைச் சற்று நிறுத்தி வைத்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பெர்த் இருவருக்குப் போய், கல்யாண் தாண்டியதும் பெட்டிக்குள் சண்டை வரும். காலை 8 மணிக்கு ஒரே வண்டியின் ஒரே தேதிக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு பக்கத்தின் முன்னால்தான் நிற்கிறார்கள். லெட்ஜர் காலத்தில் வரிசை கட்டடத்துக்கு வெளியே தெரிந்தது. இப்போது யந்திரத்துக்குள் நிற்கிறது. பதிவைத் திறனில் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் டிக்கெட், விசாரணைக்கு 40 லட்சம் என்று உயர்த்தும் புதிய ஏற்பாடு நடந்து வருவதாக 2025-ல் அமைச்சகம் அறிவித்தது. நம் கணக்கில் எடுத்துக் கொண்ட அந்தப் பத்துப் பெட்டிகளில் பெர்த் அப்போதும் 800-தான்.